எனக்கு வராத நெஞ்சுவலி

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். எல்லாக் கடிதத்திலும் கை தானா எழுதிடுற வரிதான், இந்தத் தடவை அழுத்தி எழுதுறேன். எனக்கு ஒரு நோயும் கிடையாது, டாக்டர் வாசலை மிதிச்சு ரெண்டு வருஷமாச்சு. உங்கம்மாவுக்குத்தான் முழங்கால் வலி குறையல.

போன செவ்வாய்க்கிழமை கூடத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு ஏணி மேல நிக்கிறேன், வாசல்ல மருமக. ஒரு கையில பிளாஸ்க், இன்னொரு கையில தலையணை. ஐயோ மாமா இறங்குங்கன்னு ஓடி வந்து ஏணியைப் பிடிச்சுக்கிட்டா. இறங்கினதும் அவர் எங்கேன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல, யாரும்மான்னேன். உங்கம்மா வேற, பெரியவனும் வந்திருக்கானான்னு சந்தோஷமா கேட்டுக்கிட்டே உள்ளேயிருந்து வர்றா. அந்தப் பொண்ணு முகம் செத்துப்போச்சுடா. உங்களுக்கு நெஞ்சுவலின்னு இந்த வருஷம் நாலாவது தடவையா வந்திருக்காரே மாமான்னா. அப்புறம் என் பக்கத்துல நின்னுக்கிட்டே ஸ்பீக்கர்ல உனக்குப் போன் போட்டா. அப்பா பக்கத்துலதான் இருக்கேன், இப்பத்தான் கண்ணசந்தார்னு நீ சொன்னதை நானும் கேட்டேன். உனக்குப் பின்னால ஒருத்தி செல்லமா உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டதையும் கேட்டேன். கண்ணசந்த கிழவன் பிரஷைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், பெயிண்ட் காலெல்லாம் சொட்டுது.

இத்தனை மாசமா போன்ல படி ஏறாதீங்க மாமா, உப்பைக் குறைங்க மாமான்னு சொல்வா. அதுக்குள்ள என்னைக் கிழவனாக்கிட்டியேம்மான்னு நான் சிரிப்பேன். நெஞ்சுவலியைப் பத்தி அப்பாகிட்டப் பேசிடாதே, பயந்துடுவார்னு அவ வாயைக் கட்டி வச்சிருக்கே. என்ன மூளைடா உனக்கு!

அஞ்சு நாளா இங்கதான் இருக்கா. சோறு இறங்கல. அழுதாக்கூடத் தேவலை, காலண்டரை மடியில வச்சுக்கிட்டு தேதி தேதியா தடவிப் பார்க்கிறா. ரெண்டாவது தடவை அவளுக்கு நல்ல காய்ச்சலாம், என்னை விடுங்க, மாமாவைப் போய்ப் பாருங்கன்னு அவளே உன் பையை அடுக்கிக் கொடுத்தாளாம். சின்ன வயசு, சறுக்கிட்டான், மன்னிச்சுடும்மான்னு ஆரம்பிச்ச உங்கம்மாவை நான்தான் அதட்டி உட்கார வச்சேன். நேத்து சாயங்காலம் மருமக என் பக்கத்துல வந்து உக்காந்தா. ஒரு தடவையாவது உங்களுக்கு நிஜமாவே முடியாம இருந்துச்சுன்னு சொல்லுங்க மாமா, நான் நம்பிக்கிறேன்னு கெஞ்சினாடா. இல்லம்மான்னுதான் என்னால சொல்ல முடிஞ்சுது. எழுந்து உள்ளே போயிட்டா. பாதிச் சுவர் அப்படியே கிடக்கு, ஏணியில ஏற எனக்குக் கால் வரல.

உன்கிட்ட திரும்பி வர்றதும் வராததும் அவ இஷ்டம். போன் பண்ணித் துளைக்காதே, அவளா கேட்டா உண்மையை மட்டும் சொல்லு. பெத்த மனசு நல்லா இருன்னுதான் சொல்லுது, நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. நாளைக்கு எனக்கு நிஜமாவே ஏதாவது ஆச்சுன்னா முதல்ல மருமகளுக்குத்தான் சொல்லணும்னு உங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன். நீ வர வேண்டாம். இந்த வருஷம் நாலு தடவை வந்து பார்த்துட்டே, போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா