முன் சீட்டில் அப்பா

வெஸ்ட் வின்ட்சர்
மார்ச் 9, 2025

அன்புள்ள பத்ரிக்கு,

கடிதமா என்று திகைக்க வேண்டாம். நம் அம்மாக்கள் ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பில் நான் ‘ம்’ என்று போட்டாலே பதினான்கு பேர் படிக்கிறார்கள். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்.

உங்களைப் பார்க்க நானும் அப்பாவும் விமானம் ஏறி பிளானோ வந்த அன்று, உங்கள் காரில் கோவிலுக்குப் போனோம். முன்கதவைத் திறந்து, “அங்கிள், நீங்க முன்னாடி உக்காருங்க” என்றீர்கள். போக வர ஒன்றரை மணி நேரம் உங்கள் பின்னந்தலையைத்தான் பார்த்தேன். ரேடியோவில் ஏதோ பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு. பையன் கார் ஓட்டுகிறான், பக்கத்தில் அவன் காதலி. உங்கள் பக்கத்தில் எங்கள் அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு உங்களை ரொம்பப் பிடித்துவிட்டது. நான்தான் உங்களைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இந்தச் சம்பந்தத்துக்கு மாதக் கடைசிக்குள் நான் பதில் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றிருக்கிறது. கோபமெல்லாம் இல்லை.

ஸ்ம்ருதி

பிளானோ
மார்ச் 14

அன்புள்ள ஸ்ம்ருதி,

மெயில்பாக்ஸ் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். அன்று காலை காரை இரண்டு தடவை கழுவினேன். உங்கள் மேல் வெயில் படக்கூடாது என்று முன் ஜன்னலுக்கு ஒரு திரைகூட வாங்கி ஒட்டினேன். அங்கிள் பக்கத்தில் வந்ததும் கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. பெரியவரைப் பின்னால் உட்கார வைத்தால் எங்கள் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள். அந்தப் பாட்டு வந்தபோது வியர்த்துவிட்டது. நிறுத்தப் போனேன். “இருக்கட்டும் தம்பி, நல்லாத்தானே இருக்கு” என்றார் அங்கிள்.

மரியாதை தெரிந்த பையன் என்று பெயர் வாங்கிக்கொண்டு உங்களைக் கோட்டை விட்டுவிட்டேன். கோவில் புளியோதரையில் மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீரோடு சிரித்தீர்களே, எனக்கு அப்போதே உங்களைப் பிடித்துவிட்டது.

29ஆம் தேதி சனிக்கிழமை அங்கே வரட்டுமா? வாடகைக் கார் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் போதும். அதற்கப்புறம் வேண்டாம் என்றாலும் சரிதான்.

பத்ரி

வெஸ்ட் வின்ட்சர்
மார்ச் 19

அன்புள்ள பத்ரி,

வாருங்கள். வீட்டுக்கு மட்டும் வராதீர்கள், அப்பாவும் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பதினோரு மணிக்கு பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்.

ஸ்ம்ருதி

வெஸ்ட் வின்ட்சர்
மார்ச் 30

பிரியமுள்ள பத்ரி,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நேற்று காரில் ஏறியதும் இருபது நிமிடம் நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. “போர் அடிக்குதா?” என்று நீங்கள் கேட்டபோது இல்லை என்றேன், அது நிஜம். டெலவேர் ஆற்றோரமாகப் போகையில் உங்கள் வேலை போன கதையை மறைக்காமல் சொன்னீர்கள். ஜாதகத்தோடு வந்த பயோடேட்டாவில் அது இல்லை. திரும்பி வந்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தாமல் இன்னொரு சுற்றுப் போனீர்கள், நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். அடுத்த சுற்றை நான்தான் கேட்டேன்.

எங்கே போயிருந்தாய் என்று அப்பா கேட்டார். லைப்ரரி என்று சொல்லிவிட்டேன். பாவம், நம்பிவிட்டார்.

என் பதிலுக்காக வீட்டில் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும். அப்பாவுக்கு முன்னால், குரூப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் முன்னால், உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எனக்குச் சம்மதம்.

உங்கள்
ஸ்ம்ருதி