திரையில் வந்த பின்வாசல்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? உம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

வேலையில் ஒரு சின்ன விஷயம். சனிக்கிழமை தொழிலாளர் பாதுகாப்பு விருது விழா, அதைப் பெரிய திரையில் காட்டுவது எங்கள் வேலை. மூன்று கேமரா மேடைக்கு, ஒன்று பின்வாசலுக்கு. நான்கு கேமராவின் படத்தையும் கணினிக்குள் கொண்டுவர ஒரே மாதிரி நான்கு கேப்சர் கார்டு. கணினியை அணைத்துப் போட்டால் அவற்றின் வரிசை மாறி, ஒரு கேமராவின் இடத்தில் இன்னொன்றின் படம் வந்துவிடும். அப்படி மாறாதபடி ஒவ்வொன்றையும் அதன் சீரியல் நம்பரோடு பிணைக்க ஒரு மணி நேரம் கேட்டேன். "ஓடுதில்ல? சும்மா விடு லா, இம்ரான்" என்றார் முதலாளி தனசேகரன்.

விருது வாங்கிய கம்பெனிக்காரர் பேசும்போது கணினி நின்றது. மறுபடி போட்டதும் பெரிய திரையில் அவருக்குப் பதில் பின்வாசல் வந்தது. நாற்காலி போட வந்த அவருடைய ஆட்கள் பதினெட்டுப் பேர், கிராஞ்சியில் உள்ள தொழிலாளர் விடுதிக்குப் போக லாரியின் பின்னால் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். மாற்றப் பத்து நொடி போதும். நான் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

நேற்று தனசேகரன் ஒரு தாளை நீட்டினார்.

"கார்டு மாறுனது உன் மிஸ்டேக்னு சைன் போடு. அப்பத்தான் உன் வேலை பர்மிட் ரினியூ பண்ணுவேன்."

"ஒரு மணி நேரம் கேட்டதையும் எழுதட்டுமாண்ணே?"

"வாய் நீளம் லா உனக்கு."

அந்த ஒரு நிமிடம் என்னுடையது. வரிசை மாறியது என்னுடையதல்ல. கையெழுத்துப் போடவில்லை.

தங்கை யும்னாவிடம் என் டிப்ளமோ சான்றிதழைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வேறு வேலை தேட, தேக்கா கடைத்தெருவில் அச்சிட்டுக்கொள்வேன். ஞாயிறு கூப்பிடும்போது போனை அடுப்படியில் வையுங்கள், யாரும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுச் சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பர்மிட் இருபதாம் தேதி முடிகிறது, அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டும். உம்மாவிடம், லீவில் வந்தாலும் வருவான் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

உங்கள் மகன்,
இம்ரான்