நிக்காஹ் சிடியில் உங்கள் குரல்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

சலாம். நீங்கள் அடங்கியிருக்கும் கபுரை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். இந்தக் கடிதம் நம் பிள்ளை போகும் மையத்தின் ஆண்டு மலரில் வரப்போகிறது, ஊரே படிக்கும். படிக்கட்டும். அன்று நான் கத்தியதை மட்டும் ஊர் கேட்கவில்லையா?

சுனாமி அன்று காலை, கடல் உள்வாங்குவதை வேடிக்கை பார்க்க ஒன்றரை வயது ஆயிஷாவைத் தூக்கிக்கொண்டு நம் தீவின் மின்னி பே கடற்கரைக்குப் போனீர்கள். தண்ணீர் துரத்த ஓடி வந்தீர்கள். பிள்ளைக்குப் பேச்சு வராமலே போனதும், "நீங்க தூக்கிட்டுப் போயித்தான் எம்புள்ள பயந்து வாயடைச்சுப் போச்சு" என்று உறவுக்காரர்கள் முன்னால் கத்தினேன்.

 கடல் அவள் கண்ணில் படக் கூடாதென்று கடையையே கடல் தெரியாத புரோத்ராபூருக்கு மாற்றினீர்கள். ஓதிப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம். அந்தப் பாரத்தோடேயே மவுத்தாகிவிட்டீர்கள்.

நாலு மாதம் முன்பு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகப் பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் மையத்துக்கு அவளை அழைத்துப் போனேன். நான் சுனாமிக் கதையை ஆரம்பித்ததுமே அங்குள்ள வங்காளி டீச்சர், அதற்கு முன்னால் எடுத்த வீடியோ இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். உங்கள் தங்கச்சி தன் நிக்காஹ் சிடியை மாயாபந்தரிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். சுனாமிக்கு மூன்று மாதம் முந்திய கல்யாணம்.

"ஆயிஷாம்மா, இங்க பாரும்மா!" சிடியைப் போட்டதும் உங்கள் குரல்தான். நாலு தடவை கூப்பிடுகிறீர்கள். பந்தியே திரும்பிப் பார்க்கிறது, அவள் மட்டும் சுற்றும் ஃபேனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதைப் பார்த்து நான் சிரிக்கும் சத்தமும் அதில் இருக்கிறது.

டாக்டரும் எல்லாச் சோதனையும் செய்துவிட்டுச் சொன்னார்: ஆட்டிசம் பிறவியிலேயே உள்ளது, பயத்தால் வருவதில்லை. "கிஸீ கீ கல்தீ நஹீ, தீதி" என்றார் டீச்சர். யார் மேலும் தப்பில்லையாம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன் மச்சான். நிம்மதிக்கும் இவ்வளவு கண்ணீர் உண்டென்று எனக்குத் தெரியாது. இதைக் கேட்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா?

ஆயிஷா இன்னும் பேசவில்லை. வேண்டிய பொருளின் பட அட்டையை எடுத்துக் கொடுத்துக் கேட்கப் பழகிவிட்டாள். சோறு, ஊஞ்சல் எல்லாம் இருக்க, மூன்று நாளாக என் கையில் கடல் படத்தையே திணிக்கிறாள். நாம் எதை அவளிடமிருந்து ஒளித்து வைத்தோமோ, அதையே!

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளை மின்னி பே கூட்டிப் போகிறேன். அன்று நான் கத்தியதைக் கேட்ட உறவுக்காரர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை தண்ணீரில் விளையாடட்டும். "எம்மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல" என்று அவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி, அதே சத்தத்தில் சொல்வேன்.

உங்கள் ஆயிஷாவின் உம்மா