அம்மாவைத்தான் கேட்க வேண்டுமாம்

புதன்
காலையிலிருந்து மழை. யூனிபார்ம் காயவில்லை. அம்மாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது. அப்பா தம்பானூர் ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டு ஹெல்த் சென்டருக்கு. மலையாளம் பேச நானும். புது டாக்டர். “ஆளெக் காணாதெ மருந்து தரான் பற்றில்ல.” அம்மா நேரில் வரணும், அவளைக் கேட்டுத்தான் மருந்து. இப்போது சட்டம் அப்படியாம்.

அவளுக்குத் தெரியாமல்தான் கொடுக்கிறோம் என்று அப்பா சொல்லவில்லை. நானும். சட்னியில் பொடித்துப் போடுவது நான். என் கையால் கொடுத்தால்தான் சாப்பிடுவாள்.

வியாழன்
கணக்கு டெஸ்ட் மோசம். அம்மா ஜன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டியிருக்கிறாள். எதிர் மாடியிலிருந்து யாரோ பெயர் சொல்லித் திட்டுகிறார்களாம். எனக்குக் கேட்கலையே என்றேன். “ஒனக்கு ஏன் கேக்கப் போவுது?”

அப்பா போனில். பெரியப்பா குரல் வெளியே கேட்டது. “பைத்தியத்துட்ட என்னல கேக்கது? ஞாயித்துக்கெழம வேன் கொண்டாரேன். கோயில்ல ஒரு மண்டலம் கட்டிப் போட்டா தன்னால சரியாவும்.”
அந்தக் கோயிலைப் பார்த்திருக்கிறேன். கட்டுவது என்றால் காலில் சங்கிலி.
அப்பா “ம்” என்றார். மறுபடியும் “ம்”.

வெள்ளி
ஸ்கூல் விட்டு நேரே ஹெல்த் சென்டர். கவுன்சலிங் மேடம் பாதி தமிழ். எல்லாம் சொன்னேன். சங்கிலி போடுவது குற்றமாம். என்ன வேண்டும், வேண்டாம் என்று அம்மாவே எழுதி வைக்கலாம். அவளுக்காகப் பேச ஒரு ஆளையும் சொல்லலாம். “அம்மாகிட்ட உள்ளதச் சொல்லணும் மோளே.”

உள்ளதை இதுவரை சொல்லாததற்குக் காரணம் உண்டு. அம்மாவின் அக்காவை அந்தக் காலத்தில் கோர்ட் ஆர்டரோடு போலீஸ் ஜீப்பில் ஏற்றி மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அப்போது அம்மாவுக்கு என் வயசு. ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு அந்த ஜீப்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேன், சங்கிலி, சட்னி. அடிப்பாளோ என்று கதவை ஒட்டி நின்று.
“எவ்ளோ நாளா?”
ஏழாம் கிளாஸ்லேர்ந்து.
எழுந்து போய் வாய் கொப்பளித்தாள். ரொம்ப நேரம். பிறகு, “நாளைக்குப் போவோம். நானே நடந்து வருவேன். ஒருத்தரும் கையப் பிடிக்கப்படாது.”

சனி
அம்மா முன்னால், நாங்கள் பின்னால். டாக்டர் அவளிடமே கேட்டார். “மாத்திரைய என் கையில தாங்க, திங்கேன். சங்கிலி கூடாது. எழுதிக்கிடுங்க.” எழுதினார்கள். உங்களுக்காகப் பேச யார்? அப்பா என்னைக் காட்டினார். பதினெட்டு ஆகணும் என்றார் மேடம். “அப்போ நான்தான்,” என்றார் அப்பா.

“வேண்டாம். எங்க வீட்ல யாரும் வேண்டாம்.”

கீழ்வீட்டு லதா சேச்சி பெயரைச் சொன்னாள்.

வேன் வேண்டாம் என்று அப்பா போன் பண்ணினார். பெரியப்பா பேசியதை எழுத மாட்டேன்.

ராத்திரி தோசை சுட்டேன். வெறும் தோசை. அம்மா தட்டை என் பக்கம் தள்ளினாள். “நீ தின்னு, பாப்போம்.”

தின்றேன். விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்தாள்.