வெள்ளையம்மா கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்

குளுவாங், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. அந்த மான்செஸ்டர் குளிரில் நீ கழுத்தை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ரொட்டி சானாயைத்தான் விட மாட்டேன் என்கிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் நான் நாலு வரி அனுப்பினால் நீ ஒரு சிரிக்கிற மூஞ்சி அனுப்புகிறாய், வீடியோ காலில் நான் முடிப்பதற்குள் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

வெள்ளையம்மா கோயில் மண்டபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது என் பக்கத்தில் உட்காருவாளே, தீபாவளி லீவில் நீ வந்து பூசணிக்காய் நறுக்கியபோது "இது சாம்பாருக்கா இல்ல மாட்டுக்கா" என்று கேட்டாளே, அவள்தான். அன்றைக்குத்தான் இந்த வம்பே ஆரம்பித்தது. கோயில் தலைவர் கமலநாதன் வந்து, சேவைக்கு இளசுகள் யாரும் வருவதில்லை என்று புலம்பினார். அவர் எப்போதும் புலம்புவார், நாங்கள் கேட்டுக்கொண்டே நறுக்குவோம். நீ சும்மா இருந்திருக்கலாம். கம்பெனி ஆட்களுக்கு உற்சாகம் ஊட்டுவதுதான் உன் உத்தியோகம் என்பதால், டிஸ்யூ பேப்பரில் ஒரு முக்கோணம் வரைந்து, மனுஷனுக்குச் சோறும் கூரையும் கிடைத்த பிறகு மதிப்பும் அங்கீகாரமும் தேவைப்படும், அது கிடைத்தால் தானாக வருவார்கள் என்று சொன்னாய். வெள்ளையம்மாவிடமும் போய், நீங்கள் எதற்காக இங்கே வருகிறீர்கள், உங்களைத் தூண்டுவது எது என்று கேட்டாய். "வெள்ளிக்கெழம வந்துச்சு, வந்தேன்" என்றாள். அது பதிலே இல்லை என்று நீ வீட்டுக்கு வந்து சிரித்தாய்.

கமலநாதன் அந்த முக்கோணத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். மண்டபத்து முன்வாசல் தூணில் ஒரு கியூஆர் கோடு ஒட்டினார். வருகிறவர்கள் ஃபோனைக் காட்ட வேண்டும், புள்ளி ஏறும், திருவிழா முடிவில் முதல் மூன்று பேருக்கு மேடையில் மாலை, பொன்னாடை. நீ மான்செஸ்டரிலிருந்து கட்டைவிரல் காட்டினாய். இளசுகள் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஃபோனைக் காட்டினார்கள், ஒரு கேரட்டைக் கையில் பிடித்துப் படம் எடுத்தார்கள், போனார்கள். உன் புள்ளி அதிகமா என் புள்ளி அதிகமா என்று இரண்டு மாமியார்கள் வெங்காயக் கூடைக்கு மேலே சண்டை போட்டார்கள். ஆனால் விடியுமுன் வந்து சமையல்கட்டைத் திறப்பது வெள்ளையம்மாதான், சாவி அவளிடம்தான் இருந்தது. அவள் பின்வாசலால் நுழைகிறவள். கையில் இருப்பதும் பட்டன் ஃபோன். தூணில் என்ன ஒட்டியிருக்கிறது என்றே அவள் பார்த்ததில்லை. இது கமலநாதனுக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை, வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை.

திருவிழா கடைசி நாளில் மைக்கில் பெயர் படித்தார்கள். நானும் போகும்போதெல்லாம் ஃபோனைக் காட்டியதில் முதல் பெயர் என்னுடையது. பொய் சொல்ல மாட்டேன் ஷர்மினி, தோளில் அந்தப் பொன்னாடை விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேடையிலிருந்தே வெள்ளையம்மாவைத் தேடினேன், அவள் என்னைக் கேலி செய்வாள் என்று. மற்ற இரண்டு பெயரையும் படித்து முடித்து, கூட வந்த எல்லாருடைய பெயரையும் வரிசையாகப் படித்தார்கள். அதில் அவள் பெயர் எங்கேயும் இல்லை. மகள் போட்ட திட்டத்தில் அம்மாவுக்குப் பொன்னாடை என்று பின்னால் யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் இறங்கிச் சமையல்கட்டுக்குப் போனபோது அவள் தன் கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் மண்டபத்தில் அவரவர் கத்தியை அங்கேயே கூடையில் போட்டுவிட்டுத்தான் வருவோம், அடுத்த வெள்ளிக்கு வருவோம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒருத்தி அதை வீட்டுக்கு எடுத்துப்போனால் இனி வர மாட்டாள் என்று யாரும் சொல்லாமலே தெரியும். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கத்தியோடு போய்விட்டாள்.

இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? பிரியத்துக்காகச் செய்கிற வேலைக்குப் பரிசு கொடுத்தால் அந்தப் பிரியம் குறைந்துபோகும், அதற்கும் ஒரு தியரி இருக்கிறது, சுவாரஸ்யமாக இருக்கிறது அம்மா என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஃபோனைத் தூக்கி அடித்திருப்பேன். அந்தத் தியரி தெரிந்தவளுக்குத் தீபாவளி அன்றைக்கு அது வாயில் வரவில்லையா? அப்புறம், நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் மனுஷர்கள் கொஞ்ச நாளில் பழைய சந்தோஷ அளவுக்கே திரும்பிவிடுவார்கள், வெள்ளையம்மா அத்தையும் சரியாகிவிடுவார் என்றாய். எனக்கு ஒரு யோசனையும் சொன்னாய், வருகிற உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அது அடங்குமாம். நானும் தேங்காய் துருவிக்கொண்டே கோபம், கோபம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா எட்டிப் பார்த்து, யார் மேல என்றார். உங்க மகள் மேல என்றேன். பெயரோடு விலாசமும் சேர்ந்ததே தவிர அடங்கவில்லை.

கமலநாதன் தன் பங்குக்கு, விடுபட்ட சேவையாளர் என்று அறிவித்துத் தனியாக ஒரு பொன்னாடை போர்த்துகிறேன் என்று அவள் வீட்டுக்கே போயிருக்கிறார். "எனக்கு ஏன் லா இந்தத் துணி? நான் என்ன செத்தா போய்ட்டேன், மேல போத்துறதுக்கு?" என்று அனுப்பிவிட்டாள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, திட்டுகிறாள் என்றால் சரியாகிவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் கொஞ்சம் முறுக்கு எடுத்துக்கொண்டு நானும் போனேன். "வாங்க, உக்காருங்க" என்றாள். இத்தனை வருஷமாக வாடி என்று கூப்பிட்டவள். கோப்பி கலக்கிக் கொடுத்தாள், பிள்ளை அங்கே நல்லா சாப்பிடுதா என்று உன்னை விசாரித்தாள், முட்டி வலிக்குது, இனிமே வர முடியாது என்றாள். அவள் பாசாரில் காய் வாங்கி இரண்டு பை தூக்கிக்கொண்டு நடந்து வந்ததை அன்றைக்குக் காலையில்தான் பார்த்தேன். என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டாள்.

இப்போது புள்ளியும் இல்லை, இளசுகளும் இல்லை, போன வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேர்தான். அவள் இருந்தால் என் பீன்ஸைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பாள், மருமகளைப் பற்றி அளப்பாள், நான் வாரம் முழுக்கச் சிரிக்காத சிரிப்பை அங்கே சிரித்துவிட்டு வருவேன். அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்த வாரம்கூட அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் ஒரு வாய் சோறு சாப்பிட்டேன். அதற்கு உன் படிப்பில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் வேண்டாம்.

நன்றி வீடியோ ஒன்று பாட்டோடு தயார் செய்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அனுப்பாதே. வெள்ளையம்மா வீட்டு ஃபோனுக்கு நீயே கூப்பிடு. அத்தை, என் யோசனையால் உங்கள் பெயர் விட்டுப்போயிற்று, எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று சொல், அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்காதே. அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல். உன்னையும் மரியாதையாகப் பேசி வைத்துவிட்டாள் என்றால் மறுநாளும் கூப்பிடு. திட்டினால் நன்றாக வாங்கிக்கொள், எவ்வளவு திட்டுகிறாளோ அவ்வளவு நல்லது, திட்டி முடித்ததும் எந்த நேரமானாலும் என்னை எழுப்பிச் சொல்.

எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒன்றை மறக்காதே, கூப்பிடும்போது ஃபோனைச் சீக்கிரம் வைத்துவிடாதே, அவள் பின்கட்டில் இருப்பாள், எடுக்க நேரமாகும், அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அம்மா
ஷாமளா