வெள்ளிச் சுரங்கத்துச் சுருமா

பேட்டை,
வியாழக்கிழமை.

அன்பு மச்சானுக்கு நஃபீஸத்தின் சலாம்.

அல்லாஹ் உங்களை உடல் நலத்தோடு வைத்திருக்க துஆச் செய்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நம் பிள்ளை அய்மனுக்கு வயிற்று வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நேற்று அரைத் தோசை தின்றான். மாமிக்கு முட்டு வலி எப்போதும் போலத்தான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனைத்தான் நீங்கள் எடுப்பதில்லையே. ஒரே ஒரு தடவை எடுத்து, ‘யார்ட்டயும் சொல்லாத, பைய எல்லாத்தையும் திருப்பி வாங்கிரு, மானம் போயிரும்’ என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் நான் அனுப்பிய குரல் பதிவு எதையும் நீங்கள் கேட்கவில்லை. அது என் போனிலேயே தெரிகிறது. காஜா முகைதீன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சவுதிக்குத் திரும்புகிறார். உங்கள் கேம்புக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொன்னார். ஊர்க்காரர் நேரில் நீட்டுவதை வாங்காமல் இருக்க முடியாதல்லவா? அல்வாப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அவருக்கு விஷயம் எதுவும் தெரியாது.

நீங்கள் லீவில் வந்து அந்தக் கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? எந்தக் காலத்திலோ கைவிட்டுப் போன வெள்ளிச் சுரங்கத்தில் கம்பெனி மறுபடியும் துளை போட்டுப் பார்க்கிறது என்றீர்கள். கறுத்த பாறைக்குள்ளே வெள்ளைக் கல் நரம்பு மாதிரி ஓடும், அந்த நரம்புக்குள் இது மின்னிக்கொண்டிருக்கும், ஹதீஸில் வருகிற அசல் இத்மிது, கண்ணுக்கு இடுகிற சுருமாக் கல் இதுதான் என்று சொல்லி என் உள்ளங்கையில் வைத்தீர்கள். இத்தனூண்டு கல்லுக்கு என்ன கனம்! தட்டினால் சதுரம் சதுரமாக உடைந்தது, யாரோ அளந்து வெட்டினாற்போல. அதைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

கல்வத்தில் போட்டு, பன்னீர் விட்டு, நான்தான் அரைத்தேன். மல் துணியில் நான்தான் சலித்தேன். பெருநாளைக்கு முன்னால் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன், கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தேன். கடைச் சுருமா எல்லாம் வெறும் கரி, இது எங்க வீட்டுக்காரர் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தது என்று வாய் வலிக்கப் பேசினேன். அந்தப் பேச்சையெல்லாம் இப்போது யார் வீட்டு வாசலில் போய் அள்ளுவது?

அய்மன் சாப்பிடாமல் வெளிறிப் போனபோது பாளையங்கோட்டைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன் அல்லவா? அன்று நடந்த ஒன்றை உங்களிடம் நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே எச்சில் தொட்டு, துப்பட்டி முனையால் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நம் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். சுருமாவைப் பார்த்தால் நர்சுமார் ஏசுவார்கள், படிக்காத ஆட்கள் என்று நினைப்பார்கள். டாக்டரம்மா, கண்ணுக்கு ஏதும் போடுகிறீர்களா என்று கேட்கவும் செய்தார். ஒன்றும் போடுவதில்லை என்று கூசாமல் சொன்னேன். அவர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து, மருந்தையும் கொடுத்து, சுருமாவையும் போட்டேன்.

அடுத்த மாதம் டாக்டரம்மாவிடம் போனபோது மாமியும் கூட வந்தார்கள். உங்கள் உம்மா வாய் சும்மா இருக்குமா? பிள்ளை ஏன் கண்ணைக் கசக்குகிறான் என்று டாக்டரம்மா கேட்டதும், ‘அது எம் மவன் வெள்ளிச் சொரங்கத்துல இருந்து கொண்டாந்த சுருமா தாயி, சும்மா குளுகுளுன்னு இருக்கும்’ என்று பெருமையடித்தார்கள். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஈயம் என்று வந்தது. அதைத்தான் போன வாரம் போனில் உங்களிடம் சொன்னேன்.

மிச்சமிருந்த கல்லை, டாக்டரம்மாவுக்குத் தெரிந்த மெர்வின் சாரிடம் கொண்டு போனேன். கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். கையில் தூக்கிப் பார்த்தார், பளபளப்பில்லாத ஓட்டில் அந்தக் கல்லால் ஒரு கோடு இழுத்தார். கருஞ்சாம்பலாக விழுந்தது. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கல் இது, வெள்ளி இதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் துளியூண்டு ஒளிந்திருக்கும் என்றார். அந்தக் காலத்து ஆட்கள் இதைச் சுட்டு, ஈயத்தைப் பிரித்துத் தள்ளிவிட்டுத்தான் வெள்ளியை எடுத்தார்களாம். அங்கே மலை மலையாகக் கிடக்கிறது என்று நீங்கள் சொன்னீர்களே கறுப்புக் கசடு, அதெல்லாம் அப்படிச் சுட்ட மிச்சம்தான். அசல் சுருமாக் கல் வேறு ஜாதி, அதையும் பிள்ளைகள் கண்ணில் போட நான் சொல்லமாட்டேன் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அய்மனுக்கு இரும்புச் சத்து மருந்து கொடுக்கிறார்கள். சுருமாவை நிறுத்தியாகிவிட்டது, ஈயம் பைய இறங்கும், ஆனால் பேச்சு, படிப்பு எல்லாம் எப்படி வருகிறது என்று சில வருஷம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கண்ணைக் கசக்கின கையைப் பிள்ளை வாயில் வைக்கிறானே, அப்படித்தான் உள்ளே போனதாம்.

நீங்கள் சொன்னபடியே வீடு வீடாகப் போனேன். கல் தீர்ந்துவிட்டது, பிள்ளைக்கு வேண்டும், கொடுத்ததில் மிச்சம் இருந்தால் தாருங்கள் என்று கேட்டேன். தந்தார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற கருமி என்று முதுகுக்குப் பின்னால் பேசியதும் காதில் விழுந்தது. பேசட்டும் என்று இருந்தேன். ஆனால் உங்கள் தங்கச்சி ருக்சானா தரவில்லை. ‘மைனி, இது எங்க அண்ணன் எனக்குத் தந்தது. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துட்டு எங்கிட்ட மட்டும் புடுங்க வந்துட்டியளோ’ என்றாள். மடியில் அவள் பிள்ளை. பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்ததிலிருந்து அதற்குத் தினமும் போடுகிறாளாம். இரண்டு கண்ணிலும் மை அப்பியிருந்தது. நான் அதைப் பார்த்தேன் மச்சான். பார்த்துவிட்டு, அவள் தந்த டீயையும் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேலப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டேன். உங்கள் மானமும் என் மானமும் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் போட்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை அய்மன் கைவிரலைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குமேல் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

ருக்சானா கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணைக் கழுவினாள். பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள். பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். ‘அண்ணனுக்குத் தெரியுமா?’ தெரியும் என்றேன். ‘எப்பத்திலேர்ந்து?’ என்றாள். போன வாரத்திலிருந்து என்றேன். வேறு என்ன சொல்ல? பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதற்கப்புறம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பிள்ளைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மற்ற வீடுகளுக்கும் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். சிலர் ஏசினார்கள், ஒருத்தி அழுதாள். உங்கள் பெயர் அடிபடத்தான் செய்கிறது. என் பெயர் அதைவிடக் கூடுதலாகவே அடிபடுகிறது. நீங்கள் சொன்னதை மீறியதற்கு என்னை மன்னியுங்கள். சொன்னதற்காக அல்ல, பிந்திச் சொன்னதற்காகத்தான் நான் வெட்கப்படுகிறேன்.

தெரியாமல் கொண்டு வந்தீர்கள், தெரியாமல் அரைத்தேன். அதற்கு அல்லாஹ் நம்மை மன்னிப்பான். தெரிந்த பிறகு நாம் இருந்த இருப்புக்குத்தான் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ருக்சானாவுக்கு நீங்களே பேசுங்கள். எனக்கு அப்புறம் பேசலாம். அவள் ஏசினால் போனை வைத்துவிடாமல் கேளுங்கள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போது நீங்களும் அந்தச் சுருமாவைத்தான் போடுவீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். துளையிலிருந்து எடுக்கிற கல் உருளைகளை அடுக்கிவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள். வேலைச் சட்டையோடு படுக்காதீர்கள். அங்கே டாக்டரிடம் சொல்லி உங்கள் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கத்தைப் பார்த்து இதையும் மறைத்துவிடாதீர்கள். நான் துடைத்துவிட்டுக் கூட்டிப் போனதுபோல் நீங்களும் துடைத்துவிட்டுப் போய் நிற்காதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்கள் கண்ணையும் நம் பிள்ளைகள் கண்ணையும் காப்பானாக. வெட்கத்தோடேயே போனை எடுங்கள் மச்சான். நானும் வெட்கத்தோடுதான் பேசுவேன்.

உங்கள்
நஃபீஸத்