டேப்பின் ஓரத்தில் ஒரு காது

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலம்தானே? நீ வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நான் காலை, நீ மாலை என்று ஆனதில் உன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. விடுப்பில் இருந்தபோது ஃபோன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றாய் அல்லவா, அப்போது தொற்றிக்கொண்ட கடிதப் பழக்கம் இன்னும் விடவில்லை. இதை உன் லாக்கர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

நீ மாலையில் கட்டி வைக்கிற அறுவை சிகிச்சைக் கருவிப் பெட்டிகள், காலையில் நான் வந்து கிருமி நீக்கும் நீராவி இயந்திரத்தில் ஏற்றும்வரை அலமாரியில் சமத்தாக உட்கார்ந்திருக்கின்றன. பெட்டிமேல் ஒட்டுகிற டேப்பின் ஓரத்தை மடித்து ஒரு சின்னக் காது வைக்கிறாயே, அந்தக் குசும்பு மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை. கையுறை போட்ட நர்ஸ் பிடித்து இழுக்க வசதியாம்!

எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையை மறக்காதே.

கூடப் பிறக்காவிட்டாலும் உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். இனி இந்த இரண்டையும் கேட்காதீர்கள். அதற்கு வீட்டில் அம்மா இருக்கிறாள்.

எல்லோரிடமும் என்ன சொல்லி வைத்தீர்கள்? நான் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. பிறகு ஒருவர் வெயிலைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் ஆமாம் என்கிறார். நேற்று கத்தரியைக் கீழே போட்டேன். பழைய நாளாக இருந்தால் கழுவும் பகுதி அண்ணன், “கால் விரல் அத்தனையும் இருக்கா, எண்ணிப் பாரு மகாராணி!” என்று கத்தியிருப்பார். நேற்று அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். “பரவால்லம்மா, பரவால்ல” என்றார். எழவு வீட்டில் பேசுகிற குரல்.

நான் திரும்புவதற்கு முன் நடந்த கூட்டத்தில் நீங்களும்தான் இருந்தீர்கள். டாக்டர், மேற்பார்வையாளர், நீங்கள், நான். முதல் மாதம் அரை நாள் வேலை கேட்டேன். தப்பு செய்தால் என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றும் கேட்டேன். “நான் சொல்லாம வேற யாருடி சொல்லுவா?” என்று முதலில் தலையாட்டியது நீங்கள். அதை மறக்க வேண்டாம்.

உங்கள்,
வாலு

மார்ச் 9

என் செல்ல வாலுவுக்கு,

கோபம் வந்துவிட்டதா? நல்லதுதான். கோபம் வந்தால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம். உன் நல்லதுக்குத்தான் எல்லாம் செய்கிறோம், போகப் போகப் புரியும். களைப்பாக இருந்தால் சொல், ஒரு வாரம் லீவு கேட்டு வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 14

காலை நேரப் பணியாளருக்கு,

நேற்று நான் வந்தபோது அறுவை அரங்கிலிருந்து திரும்பிய ஒரு பெட்டி மேசைமேல் எனக்காகக் காத்திருந்தது. உள்ளே ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் ஒன்று குறைவு. டாக்டர் கையை நீட்டியிருக்கிறார், கொடுக்க இல்லை. வேறு பெட்டியைப் பிரித்துச் சமாளித்திருக்கிறார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. டேப்பில், கட்டியவர் எண் எழுதும் இடத்தில், இருந்தது என் எண்.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவைச் சாத்திவிட்டு, “அவசரப்பட்டு வந்துட்டியோன்னு தோணுதும்மா. கொஞ்ச நாள் துணி மட்டும் மடி. அப்புறம் பாக்கலாம்” என்றார். துணி மடிக்கிறேன். அந்த ‘அப்புறம்’ எப்போது வரும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இப்போது கேளுங்கள். அந்த டேப்பில் காது இல்லை. ஓரம் கிழிந்து, தட்டையாக ஒட்டியிருந்தது. இந்த அறையில் டேப்பைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிப்பது நீங்கள் ஒருவர்தான். நீராவி முடிந்து அடுக்கியிருந்த மற்றப் பெட்டிகளையும் போய்ப் பார்த்தேன். என் எண் போட்ட எதிலும் காது இல்லை.

தினமும் காலையில் நான் கட்டியதை எல்லாம் பிரித்து, எண்ணி, திரும்பக் கட்டி, என் எண்ணை என் கையெழுத்து மாதிரியே போட்டிருக்கிறீர்கள். அந்தக் காதைப் புகழ்ந்து கடிதம் எழுதிய கையாலேயே அதைப் பிய்த்தும் போட்டிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் ஒத்தாசையா?

நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொன்னால் என்ன பேச்சு வரும் தெரியுமா? “பாவம், அவளுக்கு இன்னும் சரியாகல. தாங்கு தாங்குன்னு தாங்கினவ மேலயே சந்தேகப்படறா பாரு.” நான் உண்மையைச் சொன்னாலும் அது நோயின் கணக்கில்தான் போகும்.

நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாலை நேரத் துணி மடிப்பவள்

மார்ச் 17

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. இவளுக்காக விடியும் முன்னே ஓடி வந்து மாடாய் உழைத்தேனே என்று. வீட்டில் பாத்திரங்களை உருட்டினேன். என் கணவர் பயந்து தானே டீ போட்டுக்கொண்டார்.

உனக்கு நினைவிருக்காது. நீ லீவில் போன அன்று, கழுவும் தொட்டி முன்னால் நின்று ஒரே கத்தரியை மதியம் முழுக்கக் கழுவிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டேன், திரும்பவில்லை. குழாயை மூடியது நான். அன்றிலிருந்து நீ தொட்ட எதைப் பார்த்தாலும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.

உன் பெட்டிகளில் ஒரு தப்புகூட இல்லை. பிரித்த எதிலும் இல்லை. அந்தக் கிளாம்பை மேசையிலேயே விட்டுவிட்டுக் கட்டியது நான்.

இன்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். “உதவி பண்றேன் உதவி பண்றேன்னு அவ சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!” என்று கத்தினார். கழுவும் பகுதிவரை கேட்டிருக்கும். நாளையிலிருந்து நீ பழையபடி பெட்டி கட்டலாம். நான் கட்டுவதை ஒரு மாதத்துக்கு வேறொருவர் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். யார் என்று கேட்டார். உன்னைச் சொன்னேன்.

அக்கா

மார்ச் 18

அக்கா,

கோபம் போகவில்லை. கோபம் வந்தால் உடம்பு தேறுகிறது என்று எழுதினீர்கள். அந்தக் கணக்குப்படி நான் இப்போது குதிரை மாதிரி இருக்கிறேன்.

குழாயை மூடியது நீங்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் புடவைத் தலைப்பால் என் கைகளைத் துடைத்துவிட்டதும் நினைவிருக்கிறது. சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அதற்காக என் பெட்டியைத் திறக்கிற உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்டார், கதவைச் சாத்திக்கொண்டு. கதவைத் திறந்துவிட்டுக் கேளுங்கள் என்றேன். எழுந்து போய்த் திறந்தார். வெளியே வந்தால் கழுவும் பகுதி அண்ணன், “என்ன மகாராணி, துணி மடிச்சுக் கிழிச்சது போதுமா? இங்க பெட்டி குவிஞ்சு கெடக்கு!” என்றார். வேலைக்குத் திரும்பி வந்த பிறகு அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

நாளை சீக்கிரமே வருவேன். நீங்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் பெட்டிகளைப் பிரிப்பேன். நீங்கள் எதிரே நிற்க வேண்டும். குறை இருந்தால் அண்ணனுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். குறை இல்லை என்றால், இல்லை என்றும் சொல்வேன். அந்த ஒன்றை, நேற்றைய கடிதம்வரை, நீங்கள் எனக்கு ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

டேப்பைக் கத்தரியால் வெட்டி, ஓரத்தை மடியுங்கள்.

இப்போதைக்கு,
உடன் வேலை பார்ப்பவள்